பட்டியலில் ஒரு பெயர்

போன வருடம் ரிசர்விஸ்ட் போயிருந்தபோது மூன்றாம் நாள் ராத்திரி நல்ல மழை, இடி. வெளிப் பயிற்சியை ரத்து செய்துவிட்டார்கள். பங்க்கில் பன்னிரண்டு பேர். ஒருவர் வங்கியில் வேலை செய்கிறார், ஒருவர் சாப்பாடு டெலிவரி, ஒருவர் காப்புறுதி விற்கிறார், ஒருவர் பள்ளியில் வரலாறு சொல்லித்தருகிறார். நான் கட்டடங்களுக்குக் குளிரூட்டும் அமைப்பு வடிவமைக்கும் இஞ்சினியர். இரண்டு பேருக்குப் பழைய கால்சட்டையின் பொத்தான் போடவே முடியவில்லை. காலையில் ஓடியதில் எனக்கு முட்டி வீங்கியிருந்தது.

மலேசிய நண்பர்களுக்காக ஒரு வரி: சிங்கப்பூரில் ஆண்கள் இரண்டு வருடம் தேசிய சேவை முடித்த பிறகும் விடுதலை கிடையாது. அடுத்த பல வருடங்களுக்கு அவ்வப்போது முகாமுக்குக் கூப்பிடுவார்கள். அதைத்தான் ரிசர்விஸ்ட் என்கிறோம். பெயர் மாற்றி எவ்வளவோ நாளாகிவிட்டது, ஆனால் வாயில் வருவது இதுதான்.

எதிர்க்கட்டிலில் இருந்த வரலாற்று ஆசிரியர் போனை நீட்டினார். “டேய், இதப் பாரு. இது நம்ம பிளாட்டூன்தாண்டா.”

அவர் காட்டியது ‘டாட்ஸ் ஆர்மி’. பிபிசியில் 1968 முதல் 1977 வரை ஓடிய நகைச்சுவைத் தொடர். மொத்தம் 80 பகுதிகள். அவர் காட்டிய பகுதி 1973 அக்டோபரில் ஒளிபரப்பான ‘தி டெட்லி அட்டாச்மெண்ட்’. நான் பிறப்பதற்கு இருபது வருடங்களுக்கும் மேல் முந்தையது. பங்க்கே கூடி நின்று சிரித்தது. அன்றிலிருந்து அந்த ஒரு பகுதியை நான் ஏழெட்டு முறை பார்த்துவிட்டேன். முதல் முறை சிரித்த ஓர் இடத்தில் இப்போது சிரிப்பு முழுசாக வரவில்லை. ஏன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

மேனரிங்கின் படை

கதை நடப்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், இங்கிலாந்தின் தென்கரையில் வால்மிங்டன்-ஆன்-சீ என்ற கற்பனை ஊரில். வங்கி மேனேஜர் மேனரிங்தான் ஊர்க்காவல் படையின் கேப்டன். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் வில்சன் படையிலும் கீழே, சார்ஜெண்ட். கசாப்புக்கடைக்காரர் ஜோன்ஸ் கார்ப்பரல், சூடான் சண்டையிலிருந்து திரும்பிய கிழவர். சவப்பெட்டி செய்யும் ஃப்ரேசர், கள்ளச்சந்தை வாக்கர், அடிக்கடி ஒதுங்கப் போகவேண்டிய மென்மையான காட்ஃப்ரே, கடைசியாக பைக். பைக் என்றால் மோட்டார் சைக்கிள் இல்லை. வங்கியில் எடுபிடியாக இருக்கும் பையன். சளி பிடிக்கக்கூடாது என்று அவன் அம்மா கழுத்தில் துண்டு சுற்றித்தான் போருக்கு அனுப்புவார்.

‘தி டெட்லி அட்டாச்மெண்ட்’ பகுதியில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டனும் மாலுமிகளும் பிடிபடுகிறார்கள். ராணுவம் வந்து கூட்டிப்போகும்வரை பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மேனரிங்கின் ஆட்களுக்கு. ராணுவம் காலையில்தான் வரும். ராத்திரி முழுக்கக் காவல், கைதிகளுக்கு மீனும் சிப்ஸும் வாங்கிக்கொடுக்க வேண்டும். கைதிக் கேப்டனோ தனக்கு எந்த மீன் வேண்டும், சிப்ஸ் எப்படி இருக்க வேண்டும் என்று ஹோட்டலில் உட்கார்ந்த மாதிரி ஆர்டர் கொடுக்கிறார். ஃபிலிப் மேடாக் என்ற நடிகர். முகத்தில் ஒரு நரம்பு அசையாது.

மேனரிங் வாய்விட்டு ஹிட்லரைத் திட்டுகிறார். ஜெர்மன் கேப்டன் அமைதியாக ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுக்கிறார். போரில் நாங்கள் ஜெயித்த பிறகு கணக்கு தீர்ப்போம், உன் பெயர் இந்தப் பட்டியலில் ஏறுகிறது என்கிறார். பைக்குக் குஷி தாங்கவில்லை. ஹிட்லரைக் கிண்டலடித்து ஒரு பாட்டு பாடுகிறான். கேப்டன் அவன் பக்கம் திரும்பி, உன் பெயரும் ஏறும், பெயர் என்ன என்று கேட்கிறார். மேனரிங் பாய்ந்து, சொல்லாதே என்று தடுக்கிறார். தடுக்கிற அதே வாக்கியத்தில் பையனின் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்.

அவ்வளவுதான் ஜோக். பிரிட்டிஷ் தொலைக்காட்சி வரலாற்றிலேயே மிகச் சிரிப்பான தருணங்களை வரிசைப்படுத்தும்போதெல்லாம் தவறாமல் இடம்பிடிக்கும் காட்சி அது.

பிறகு கதை தடம் மாறுகிறது. வயிற்றுவலி நாடகம், துப்பாக்கி கைமாறல். ஜோன்ஸின் இடுப்புக்குள் கையெறி குண்டு செருகப்படுகிறது, அதன் பின்னில் கட்டிய கயிறு ஜெர்மன் கேப்டன் கையில். கைதிகளைக் காவல் காப்பது போலவே நடித்தபடி எல்லோரும் துறைமுகத்துக்கு அணிவகுக்கிறார்கள். கடைசியில் கயிறு இழுபடுகிறது, குண்டு வெடிக்கவில்லை. குண்டுகளில் நிஜமான டெட்டனேட்டர் போடச் சொல்லி மேனரிங் உத்தரவிட்டிருந்தார். வில்சன் அது ஆபத்து என்று கமுக்கமாக டம்மியைப் போட்டுவைத்திருந்தார். உத்தரவை மீறிய சோம்பேறித்தனம் எல்லோர் உயிரையும் காப்பாற்றியது. எங்கள் பிளாட்டூனுக்கு இதைவிடப் பிடித்தமான நீதி இருக்க முடியாது.

கைப்பட்டையும் ஈட்டியும்

தொடரை எழுதியவர்கள் ஜிம்மி பெர்ரியும் டேவிட் க்ராஃப்ட்டும். பெர்ரி பதின்ம வயதில் வாட்ஃபோர்டு ஊரில் நிஜமாகவே இந்தப் படையில் இருந்தவர். பைக் கிட்டத்தட்ட அவர்தான். அவர் அம்மா கழுத்தில் துண்டு கட்டிவிடும் அளவுக்குப் போகவில்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார்.

நிஜ வரலாறும் பாதி நகைச்சுவைதான். 1940 மே 14 அன்று போர் அமைச்சர் ஆண்டனி ஈடன் வானொலியில் பேசினார். 17 முதல் 65 வயதுவரை உள்ள ஆண்கள் உள்ளூர் போலீஸ் நிலையத்தில் பெயர் கொடுக்கலாம் என்றார். ஒரு வாரத்துக்குள் ஏறத்தாழ 250,000 பேர் வந்துவிட்டார்கள். ஜூலைக்குள் எண்ணிக்கை 15 லட்சத்தைத் தொட்டது. கொடுக்கத் துப்பாக்கி இல்லை, சீருடை இல்லை. முதலில் கொடுத்தது எல்.டி.வி. என்று எழுதிய ஒரு கைப்பட்டை. ‘உள்ளூர்ப் பாதுகாப்புத் தொண்டர்கள்’ என்பதன் சுருக்கம் அது. ஊர்க்காரர்கள் அந்த மூன்று எழுத்துக்கும் “பார், குனி, காணாமல் போ” என்று விரிவுரை கண்டுபிடித்தார்கள். ஜூலையில் சர்ச்சில் ‘ஹோம் கார்ட்’ என்று பெயரை மாற்றினார்.

1941இல் சர்ச்சில் ஒவ்வொருவர் கையிலும் ஏதாவது ஓர் ஆயுதம் இருந்தாக வேண்டும், வேறெதுவும் இல்லையென்றால் ஈட்டியாவது என்ற பொருளில் எழுதினார். அதை அலுவலகத்தில் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இரும்புக் குழாயின் முனையில் பழைய பயோனெட்டைப் பற்றவைத்து 250,000 ஈட்டிகளுக்கு ஆர்டர் போனது. தொண்டர்களுக்கு வந்த கோபத்தில் பெரும்பாலானவை கிடங்கிலேயே கிடந்தன. மேலிடம் சொன்னதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றும் ப்ராஜெக்ட்டில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

இந்தப் படையில் யார் சேரலாம் என்பதிலும் கூத்துதான். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட டாம் விண்ட்ரிங்ஹாம் ஆஸ்டர்லி பார்க்கில் பள்ளி தொடங்கி, டாங்கியை எப்படி மறிப்பது என்று ஆயிரக்கணக்கான தொண்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் கம்யூனிஸ்டாக இருந்தவர் என்பதால் அவரைப் படையில் சேர்த்துக்கொள்ளவில்லை. பெண்களுக்கு ஆயுதம் கொடுக்க மறுத்துவிட்டார்கள். 1943இல்தான் உதவியாளர்களாக வரலாம் என்றார்கள்.

சிரித்துக்கொண்டே படித்துவரும்போது ஓர் இடத்தில் நின்றேன். படை தொடங்கிய அதே மே மாதம் ஜெர்மன் வானொலி ஓர் எச்சரிக்கை விடுத்தது. ஆயுதம் ஏந்தும் பிரிட்டிஷ் குடிமக்களைப் படைவீரர்களாகக் கருத மாட்டோம், கொலைகாரர்களாக நடத்துவோம், பிடித்தால் மரணம். அப்படிப் பார்த்தால் அந்தக் கைப்பட்டை வெறும் துணி இல்லை. பிடிபட்டால் போர்க்கைதியா, சுவரோரம் நிற்கவைத்துச் சுடப்படும் ஆளா என்பதை முடிவுசெய்ய அவர்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். அதைக் கட்டிக்கொண்டு வயலோரம் நின்ற பல் டாக்டருக்கும் பால்காரருக்கும் இது தெரியும். தெரிந்தும் நின்றார்கள்.

நிஜப் பட்டியல்

ஜெர்மன் கேப்டனின் நோட்டுப் புத்தகம் பெர்ரியும் க்ராஃப்ட்டும் இட்டுக்கட்டியது. ஆனால் நிஜமாகவே ஒரு பட்டியல் இருந்தது. பிரிட்டனில் இறங்கியவுடன் யாரையெல்லாம் பிடிக்க வேண்டும் என்று நாஜி பாதுகாப்புத் துறை 1940இல் அச்சிட்டுவைத்த புத்தகம். 2,820 பெயர்கள். சர்ச்சில், வர்ஜீனியா உல்ஃப், எச்.ஜி. வெல்ஸ், பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், கூடவே ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த அகதிகள்.

அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்களும் மேனரிங்குக்குச் சளைத்தவர்கள் இல்லை. 1939இல் இறந்துபோன சிக்மண்ட் ஃபிராய்ட் அதில் இருக்கிறார். 1932இலேயே போய்ச்சேர்ந்த எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ரேச்சியும் இருக்கிறார். செத்தவர்களைத் தேடிக் கதவு தட்டவிருந்தார்கள்.

இதுவும் சிரிப்புதான், அடுத்த வரியைப் படிக்காதவரை. பிரிட்டனில் இந்த வேலையைச் செய்ய நியமிக்கப்பட்டவர் ஃபிரான்ஸ் சிக்ஸ் என்ற பேராசிரியர். 1940 செப்டம்பர் 17 அன்று ஹிட்லர் படையெடுப்பைத் தேதி குறிக்காமல் தள்ளிவைத்ததால் அவருக்கு லண்டன் போக வாய்க்கவில்லை. அடுத்த வருடம் சோவியத் யூனியனுக்குள் அனுப்பப்பட்டார். அங்கே யூதர்களையும் கட்சி அதிகாரிகளையும் சுட்டுக்கொன்ற சிறப்புப் படைகள் ஒன்றின் பகுதிக்குத் தலைவராக இருந்தார். அதற்காகப் பின்னர் நூரம்பர்க்கில் தண்டனை பெற்றார். வால்மிங்டனுக்கு வரவிருந்தவர் ஸ்மோலென்ஸ்க்குக்குப் போனார்.

பிரிட்டிஷ் மண்ணிலும் ஜெர்மானியர் இறங்கிய இடம் உண்டு. சேனல் தீவுகள், 1940 ஜூன் கடைசியிலிருந்து 1945 மே வரை. கெர்ன்சி தீவில் யூதர்களின் பெயர்களைப் பதிவுசெய்ய ஆக்கிரமிப்பாளர்கள் உத்தரவிட்டார்கள். உள்ளூர் அதிகாரிகள் ஒழுங்காகப் பதிவுசெய்து கொடுத்தார்கள். அந்தத் தீவிலிருந்து 1942இல் அனுப்பப்பட்ட மூன்று பெண்கள் ஆஷ்விட்ஸில் இறந்தார்கள். பெயரைச் சொல்லாதே என்று பாய்ந்து தடுக்க, தடுமாறியாவது தடுக்க, அங்கே ஒரு மேனரிங் இல்லை.

1968இல் தொடர் தொடங்கும்போது தலைப்புக் காட்சிக்கு நிஜப் போர்க்காலப் படத்துண்டுகளை வைக்க நினைத்திருந்தார்கள். வீடு விட்டு ஓடும் அகதிகள், அணிவகுக்கும் நாஜிப் படைகள். இந்தப் படை எதை எதிர்த்து நின்றது என்று பார்ப்பவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக. பிபிசி1 பொறுப்பாளர் பால் ஃபாக்ஸ் அது புண்படுத்தும் என்று நீக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பதில் வந்ததுதான் வரைபடத்தில் அம்புக்குறிகள் ஊர்ந்துவரும் கார்ட்டூன். அழகான கார்ட்டூன். அகதிகள் இருந்த இடத்தில் அம்புக்குறிகள். அந்த வெட்டு இல்லாவிட்டால் பங்க்கில் நாங்கள் அப்படிச் சிரித்திருப்போமா தெரியாது.

வந்து இறங்கிய இடத்தில்

இதெல்லாம் தெரிந்த பிறகும் இங்கிலாந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அதே பேரரசு, அதே போர், அதே மாதிரித் தொண்டர் படைகள் இங்கேயும் இருந்தன. குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், தோட்ட மேனேஜர்கள் வார இறுதியில் பயிற்சிக்குப் போவார்கள். வித்தியாசம் ஒன்றுதான். இங்கே எதிரி வந்து இறங்கினான்.

பினாங்கில் 1941 டிசம்பர் 11 அன்று குண்டு விழுந்தது. 16, 17 தேதிகளின் இரவில் ஐரோப்பியர்களைச் சத்தமில்லாமல் வெளியேற்றினார்கள். உள்ளூர்த் தொண்டர்களில் பெரும்பாலோர் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். விட்டுப்போன கோட்டையில் யூனியன் ஜாக் மட்டும் பறந்துகொண்டிருந்தது, விமானங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஃபோர்ட் கார்ன்வாலிஸில் அந்தக் கொடியைக் கீழே இறக்கியவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர். ஊரை நடத்த அவசரமாகக் கூடிய குழுவுக்குத் தலைவராக இருந்தவர். வால்மிங்டனில் மேனரிங் எவ்வளவு அலட்டினாலும் ஒன்றை மட்டும் செய்ய மாட்டார், ஊரை விட்டுப் போக மாட்டார். நாம் அவரை மன்னிப்பதே அதற்காகத்தான். பினாங்கில் மேனரிங்குகள் படகேறிவிட்டார்கள், உத்தரவு அப்படி. நின்றவர் ஒரு பத்திரிகைக்காரர்.

சிங்கப்பூரில் சீனத் தொண்டர்களைச் சேர்க்க ஆங்கிலேயர் கடைசி நேரம்வரை தயங்கினார்கள். ஜப்பானியர் மலாயாவில் இறங்கிய பிறகுதான், போலீஸ் அதிகாரி ஜான் டாலியின் பொறுப்பில் ‘டால்ஃபோர்ஸ்’ உருவானது. சில நாள் பயிற்சி, கையில் கிடைத்த வேட்டைத் துப்பாக்கி, கொஞ்சம் தோட்டா. வால்மிங்டனின் ஈட்டிக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. ஆனால் இவர்கள் அதை வைத்துக்கொண்டு நிஜமாகவே சண்டையிட்டார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று தீவு சரணடைந்தது.

மூன்று நாள் கழித்துப் பட்டியல் வந்தது. 18 முதல் 50 வயதுவரை உள்ள சீன ஆண்கள் குறிப்பிட்ட இடங்களுக்கு வரவேண்டும். ஜாலான் புசாரில் வெயிலில் வரிசை. தேடியவர்களில் முதல் வரிசையில் இருந்தவர்கள் தொண்டர் படைக்காரர்கள், சீன நிவாரண நிதிக்குப் பணம் கொடுத்தவர்கள், கம்யூனிஸ்டுகள். சில இடங்களில் முகமூடி போட்ட ஆட்கள் உட்கார்ந்து தலையசைத்தார்கள். உன் பெயர் என்ன, என்ன வேலை என்று நிஜமாகவே கேட்டார்கள். பதில் சரியென்றால் தாளிலோ கையிலோ ஒரு முத்திரை. இல்லையென்றால் லாரி, கடற்கரை. எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒப்புதல் இல்லை. ஜப்பானியத் தரப்பு ஆறாயிரத்துக்குள் சொல்கிறது, சீனச் சமூகம் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் என்கிறது. 1962இல் சிக்லாப்பில் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டன. தமிழர்களுக்கு அந்த வரிசை இல்லை, நமக்கு வேறு பட்டியல்கள் இருந்தன. தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்த பட்டியல்.

இப்போது மறுபடி அந்தக் காட்சிக்கு வருகிறேன். பைக்கின் பெயர் பட்டியலில் ஏறுவது நமக்குச் சிரிப்பாக இருக்கக் காரணம், அந்தப் பட்டியல் ஒருபோதும் திறக்கப்படாது என்று நமக்குத் தெரிந்திருப்பதுதான். 1973இல் பார்த்தவர்களுக்கும் தெரியும். 1940இல் வயலோரம் நின்றவருக்குத் தெரியாது.

ஆக்கிரமிக்கப்பட்ட இடத்தில் நகைச்சுவையே பிறக்காது என்று நான் சொல்ல வரவில்லை. டேவிட் க்ராஃப்ட்டே பின்னால் ‘அலோ அலோ’ என்று ஜெர்மானியர் பிடித்த பிரான்ஸை வைத்து ஒரு தொடர் எழுதினார். அதை ஓர் ஆங்கிலேயர் பிரான்ஸைப் பற்றி எழுதியது என்று தள்ளினாலும், பிரெஞ்சுக்காரர்களே 1966இல் ‘லா கிராண்ட் வட்ரூய்’ எடுத்துக் கோடிக்கணக்கில் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். சிரிப்பு எங்கேயும் முளைக்கும். நான் சொல்வது இந்த ஒரு ஜோக்கைப் பற்றி மட்டும். வாய்தவறி ஒரு பையனின் பெயர் வெளியே வந்துவிடும் ஜோக். இதை ஜாலான் புசாரில் வைத்து எழுதிப் பார்த்தேன். எழுத முடியவில்லை.

அந்தத் தொடரை உருவாக்கியவர்கள் இதை அறியாதவர்களும் இல்லை. காட்ஃப்ரேவாக நடித்த ஆர்னால்ட் ரிட்லி 1916இல் சோம் போரில் படுகாயப்பட்டவர். ஜோன்ஸாக நடித்த கிளைவ் டன் நாலு வருடம் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர். நிஜத்தில் கைதியாகக் கிடந்தவரின் இடுப்பில்தான் ஜெர்மன் கேப்டனின் குண்டு இருக்கிறது, அவர் குதித்துக் குதித்து நம்மைச் சிரிக்கவைக்கிறார். 1977 நவம்பர் 13, போர் நினைவு ஞாயிறு அன்று ஒளிபரப்பான கடைசிப் பகுதியில் கிழவர்கள் எல்லோரும் கோப்பையை உயர்த்தி ஊர்க்காவல் படைக்கு வாழ்த்துச் சொல்லி முடிக்கிறார்கள். அங்கே ஜோக் இல்லை.

நம்மிடமும் இந்த வகைச் சிரிப்பு இருக்கிறது. ‘ஆர்மி டேஸ்’ நாடகமும் ‘ஆ பாய்ஸ் டு மென்’ படமும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ரிசர்விஸ்ட் ஜோக் இல்லாத கல்யாண மேசை கிடையாது. 1967இல் தேசிய சேவை தொடங்கியதிலிருந்து இந்தப் படை ஒரு படையெடுப்பையும் பார்க்கவில்லை என்பதால்தான் எங்கள் தொப்பையும் முட்டிவலியும் ஜோக்காக மிஞ்சியிருக்கின்றன. அந்தச் சிரிப்பை நான் விடப்போவதில்லை. இலவசமாக வந்தது என்று மட்டும் இனி நினைக்க மாட்டேன்.

இந்த வருடமும் கூப்பிட்டார்கள். முதல் நாள் காலை கொட்டகைக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என்னைவிட வயதில் சின்னப் பையன் ஒருவன், சார்ஜெண்ட், கையில் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வாசித்தான். தமிழ்ப் பெயர் வரும்போதெல்லாம் நாக்கு சுளுக்கிக்கொண்டது, எல்லோரும் சிரித்தார்கள். வரலாற்று ஆசிரியர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “சொல்லாதடா” என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

என் பெயர் வந்தது. வழக்கம்போல தப்பாகத்தான் வாசித்தான். கையைத் தூக்கி, “பிரசென்ட், சார்ஜெண்ட்” என்றேன்.